'நாங்கள்' முதல் 'நாம்' வரை: இடையன்குடியில் கால்டுவெல் குடும்பம்

வேற்று நாட்டில் குடியேறும் குடும்பம் ஒன்று அந்நாட்டின் வெயிலுக்கும் உணவுக்கும் சில ஆண்டுகளில் பழகிவிடும். மொழிக்குள் குடியேறுவதற்கோ நெடுங்காலம் வேண்டும். சொற்களைக் கற்பது ஒன்று. அச்சொற்களைப் பேசுவோருள் ஒருவராக எண்ணப்படுவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தறிய ஏதேனும் வழி உண்டா? தமிழ் இலக்கணத்திலேயே அதற்கோர் அளவுகோல் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து, சமயப் பணிக்காக வந்து தமிழ் மண்ணில் வாழ்ந்து மறைந்த இராபர்ட் கால்டுவெல்லின் குடும்பத்தைச் சான்றாகக் கொண்டு அதனை இங்குக் காண்போம்.

1. தமிழின் இரு பன்மைகள்

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் உள்ளடக்கிப் பேசினால் 'நாம்'; கேட்பவரை விலக்கிப் பேசினால் 'நாங்கள்'. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறோம். பண்டைத் தமிழில் 'நாங்கள்' நின்ற இடத்தில் 'யாம்' நின்றது; தொல்காப்பியம் யாம், நாம் என்னும் இரண்டையும் தனித்தனியே கூறுகிறது. தெலுங்கில் இவை முறையே 'மேமு', 'மனமு' எனவும், மலையாளத்தில் 'ஞங்ஙள்', 'நம்மள்' எனவும் வழங்குகின்றன. ஆங்கிலம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளில் இப்பாகுபாடு இல்லை. ஒரே சொல் இரு பொருளுக்கும் நிற்கும்.

ஐரோப்பியச் சமயப் பணியாளருக்கு இது சிறு நுட்பமன்று. சபையாரை நோக்கிப் பேசும் போதகர் 'நாம் பிழை செய்தோம்' என்றால், தம்மையும் அவர்களோடு சேர்த்துக்கொள்கிறார். அவரே இறைவனை நோக்கி வேண்டும்போது 'நாங்கள் பிழை செய்தோம்' என்றே சொல்லவேண்டும். அங்கு 'நாம்' என்று சொல்லிவிட்டால் பிழை செய்தோருள் இறைவனும் ஒருவராகிவிடுவார்! தாய்மொழியில் ஒருபோதும் எண்ணிப் பார்த்திராத ஒரு வினா, தமிழில் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர்முன் நின்றது: என் எதிரில் இருப்பவர் என்னோடு சேர்ந்தவரா, சேராதவரா?

2. இடையன்குடி வீடு

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1838இல் சென்னை வந்து சேர்ந்தார். அங்கு மூன்றாண்டுகளுக்குமேல் தங்கித் தமிழ் கற்றபின், தெற்கு நோக்கி நடந்தே பயணம் செய்து, 1841ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியை அடைந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. பனையேறுதலும் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தலும் அவ்வட்டார மக்களின் பிழைப்பு. பின்னாளில் அங்கு எழுந்த பெருங்கோயிலுக்கு 1847இல் தொடங்கிய பணி 1880இல்தான் நிறைவுற்றது என்பதிலிருந்தே, அங்கு வாழ்வதற்கு எத்தகைய பொறுமை வேண்டியிருந்தது என்பதை உணரலாம்.

1844இல் அவர் எலிசா மால்ட்டை மணந்தார். எலிசா, நாகர்கோவிலில் சமயப் பணியாற்றிய சார்ல்ஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள். கணவர் ஆசிரியரிடம் பாடமாகக் கற்ற தமிழ், மனைவிக்கோ இளமையிலேயே காதில் விழுந்த தமிழ். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தியவர் எலிசா. தம் தாயார் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னலை இவ்வூர்ப் பெண்களுக்கும் கற்பித்தார்.

பள்ளித் திண்ணையிலும் சமையலறை வாயிலிலும் நடைபெறும் பேச்சு நூல்தமிழ் அன்று. அங்கு 'நாம்' என்பது 'நாம', 'நம்ம' என ஒலிக்கும். 'எங்கள்' என்பது 'எங்க' ஆகும். 'எங்க வீட்டுக்கு வாங்க' என்பது அழைப்பு. 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்பது உறவு. இவ்வேறுபாட்டை அகராதி கற்றுத் தராது. அன்றாடம் கேட்டும், தவறிப் பேசியும், பிறர் திருத்தியுமே அது வாய்க்கும்.

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. தன்மைப் பன்மையின் இரு வடிவங்களையும் அதில் ஆராய்ந்து, இப்பாகுபாடு இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கு உரியதன்று என்பதைச் சுட்டினார். எழுத்து ஒன்றாயினும் ஒலி இடத்திற்கேற்ப மாறுவதையும் அந்நூல் விளக்குகிறது. 'கடல்' என்பதில் வல்லொலியாக நிற்கும் ககரம், 'அகல்' என்பதில் மென்மையுறுகிறது. 'பக்கம்' என இரட்டிக்கும்போது மீண்டும் வன்மை பெறுகிறது. தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. செவி கொண்டே அறியத்தக்க செய்தி இது.

3. 'அவர்கள்' என்று எழுதிய நூல்

எனினும், ஒரே ஊரில் வாழ்வதனாலேயே 'நாம்' கைகூடிவிடுவதில்லை. 1849இல், தம் சபையினருள் பெரும்பாலோர் பிறந்த பனையேறும் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர்களுடைய அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்வாகக் காட்டிய அந்நூல் அச்சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தியது. அதனால் எழுந்த எதிர்ப்பு அவருடைய முதுமைக்காலத்திலும் தணியவில்லை. கோயிலில் 'நாம்' என்று பேசியவர், தொலைவிலுள்ள ஆங்கில வாசகருக்கு எழுதியபோது அதே மக்களை 'அவர்கள்' ஆக்கிவிட்டார். அவ்வாசகரே அந்நூலின் 'நாம்' ஆயினர்.

இக்குறையை மறைத்து அவரைப் போற்றுவதும், இதனையே காட்டி அவரது மொழிப்பணியை மறுப்பதும் முறையாகா. மொழியறிவு வேறு, மக்களை மதித்தறிதல் வேறு. முன்னது வளர்ந்த வேகத்தில் பின்னது வளரவில்லை என்பதே இதனால் நாம் பெறும் பாடம். ஏறத்தாழ நாற்பதாண்டு இடையன்குடி வாழ்வுக்குப்பின் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891இல் கொடைக்கானலில் மறைந்தார். அவருடல் இடையன்குடிக்கே கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

4. நம் வகுப்பறை

மாணவர் ஒருவர் ஆசிரியரிடம், 'ஐயா, நாம் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டோம்' என்கிறார். ஆசிரியரும் சேர்ந்து வீட்டுப்பாடம் செய்ததாகப் பொருள்படுவதை அவர் உணர்வதில்லை. ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசுவதால் நேரும் பிழை இது. நம் மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்கு இதனை விளக்க எளிய வழியொன்று உண்டு. மலாய்மொழியில் 'கீத்தா' என்பது கேட்பவரை உள்ளடக்கும். 'காமி' என்பது விலக்கும். 'கீத்தா' நிற்குமிடத்தில் 'நாம்', 'காமி' நிற்குமிடத்தில் 'நாங்கள்' என்று காட்டினால், அவர்களுக்குத் தெரிந்த மொழியே தமிழுக்குப் படிக்கட்டாகும்.

ஆனால் விதி தெரிந்த பின்னரும் அது பழக்கமாவதற்கு வீடு வேண்டும். கால்டுவெல்லுக்குப் பாடமாகத் தொடங்கிய தமிழ், எலிசாவுக்கு இளமைச் சூழலாக இருந்தது. நம் பிள்ளைகளுட் பலர்க்குத் தமிழ் இன்று வாரத்தில் சில மணிநேரப் பாடமாகச் சுருங்கி வருகிறது. வீட்டில் 'நம்ம' என்னும் சொல் நாள்தோறும் ஒலிக்கக் கேளாத பிள்ளை, 'நாம்' என்பதைத் தேர்வுக்கு மட்டுமே கற்கும். இக்கட்டுரையில் 'நாம்' என எழுதிய இடங்களிலெல்லாம் ஆசிரியர்களாகிய உங்களையும் மாணவர்களாகிய உங்களையும் சேர்த்தே எழுதினோம். இன்று மாலை வீடு திரும்பியதும் அச்சொல்லை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.