பேர்பெற்றவர் செய்த பழைய துப்பாக்கி... கூடுதல் விலை கொடுக்கலாமா?

‘தல்லாகுளத்தில் குடியிருக்கிறேன். அழகர்மலை அடிவாரத்தில் மூன்று ஏக்கரில் நிலக்கடலையும் தென்னையும் இருக்கின்றன. தோட்டக் காவலுக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், தன் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியை விற்கிறார். பேர்பெற்ற கைவினைஞர் சொல்லிச் செய்தது என்று புதுத் துப்பாக்கியைவிடக் கூடுதல் விலை சொல்கிறார். அந்தப் பேருக்காகப் பணம் கொடுக்கலாமா?’

வாசகர் ஒருவரின் கேள்வி இது. செய்தவரின் பேரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், அது மூன்றாவது. முதலில் காகிதம், அடுத்து குழல், கடைசியில்தான் பேர்.

காகிதம் சரியா?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் உள்ளவருக்குத்தான் துப்பாக்கியை விற்க முடியும். விற்பவர், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நடுவரான கலெக்டருக்கோ, அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு 45 நாள்கள் கழிந்தால்தான் கைமாற்றலாம். மதுரை மாநகர எல்லைக்குள் கலெக்டரின் இடத்தில் போலீஸ் கமிஷனர் இருப்பார்.

உரிமம் வரும்முன் ‘சும்மா வீட்டில் வைத்துப் பார்க்கிறேன்’ என்று வாங்கி வந்துவிடாதீர்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் அழிந்திருந்தால், யார் செய்ததாக இருந்தாலும் வேண்டாம்.

குழல் எப்படி இருக்கிறது?

நல்ல ஆசாரி செய்த வண்டியும் அச்சு தேய்ந்தால் குடைசாயும். செய்தவரின் பேர், அன்று அவர் கையிலிருந்து வெளியே வந்த பொருளுக்குத்தான் சாட்சி. அதன் பிறகு பட்ட துருவுக்கும், அரைகுறை வேலைக்கும் அவர் பொறுப்பில்லை.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் போல நிழல் விழுந்தால், அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. குழிகுழியாகத் துரு அரித்திருந்தாலும் ஆபத்துதான். முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டும்போது, குழல் சேரும் இடம் லொடலொடத்தால் தேய்மானம்.

இன்னொரு விஷயம் முக்கியம். அந்தக் காலத்து 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாவுக்கு 70 வேண்டும். கருமருந்துக்கென்று செய்த பழைய குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்கலாம், விரல்கள் போகலாம். அதனால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள். உரிமமில்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் குற்றம். ‘நம்ம ஊர்க்காரர், கைராசிக்காரர்’ என்பது அதற்குப் பதிலாகாது.

பேருக்கு என்ன மதிப்பு?

பேரைக் காட்டும் முத்திரை, குழலின் அடிப்பக்கத்தில் சோதனை முத்திரை, செய்தபோது கொடுத்த ரசீது... இவை இருந்தால் பேருக்கு அர்த்தம் உண்டு. வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள்.

சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிளுக்கு இன்றும் மவுசு உண்டு. ஆனால், அது சேகரிப்பவர்களின் கணக்கு. தோட்டக் காவலின் கணக்கு வேறு. மேலும், சொல்லிச் செய்த துப்பாக்கியின் கட்டை முதல் சொந்தக்காரரின் கை நீளத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்தது. அவருக்குத் தைத்த சட்டை உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. தோளில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும்முன் ஒரு கேள்வி

காட்டுப்பன்றிக்காகத்தான் என்றால், உரிமம் இருந்தாலும் நாமே சுட முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மயிலுக்கும் அப்படியே. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3-ஐத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். உங்கள் நிலம் எந்தத் தூரத்தில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணம் வேலிக்குப் போவதே நல்லது என்று உங்களுக்கே தோன்றலாம்.