கரையில் கிடக்கும் பழைய ஃபைபர் படகை வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

பழவேற்காட்டில் எந்தக் குப்பத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். வலை காயும் மணல்வெளிக்கு ஓரமாக, வேலிக்காத்தான் புதரை ஒட்டி ஒரு ஃபைபர் படகு கிடக்கும். பெயின்ட் வெளிறி, உள்ளே மழைத் தண்ணீரும் சருகும் தேங்கி, அது தண்ணீரில் இறங்கி எத்தனை வருஷமாச்சோ என்று யோசிக்க வைக்கும்.

அந்தப் படகுக்கும் ஆள் வருவார்கள். அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருக்கும் இளைஞருக்குச் சொந்தப் படகு என்பது பெரிய கனவு. புதுப் படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்த்தால் பல லட்சம் வேண்டும். கரையில் கிடப்பதை அதில் ஒரு பங்கு விலைக்குப் பேசி முடித்துவிடலாம். வீட்டம்மாவின் நகை அடகுக்குப் போகும், மகளிர் குழுவில் கடன் எடுப்பார்கள். ஆக, இது ஒரு ஆள் எடுக்கும் ரிஸ்க் இல்லை, மொத்தக் குடும்பமும் எடுக்கும் ரிஸ்க்.

பழைய கார் வழியில் நின்றால் ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடக்கலாம். முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில் இன்ஜின் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலையில் கவிழவும் வாய்ப்பு உண்டு.

முதல் கேள்வி: ஏன் கிடக்குது?

விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். உரிமையாளருக்கு உடம்பு முடியவில்லை, மகன் எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. இன்ஜின் போய், சரிசெய்யப் பணமில்லாமல் நிறுத்தியது என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். ஓட்டை அடைத்து அடைத்து அலுத்துப்போய் ஏற்றிப்போட்டது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். விற்பவர் சொல்வதோடு நிறுத்தாமல், அந்தப் படகில் கடைசியாகப் போனவர் யாரென்று விசாரித்து அவரிடமும் பேசுங்கள். குப்பத்தில் இதெல்லாம் ரகசியம் கிடையாது.

படகின் வயதும் முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. அவசர அவசரமாகக் கட்டியவற்றில் தரமில்லாதவையும் இருந்ததாக அப்போதே புகார்கள் எழுந்தன. அந்தக் காலத்துப் படகு என்றால் இன்று 20 வயதைத் தாண்டியிருக்கும். கட்டிய யார்டு எது, எந்த வருஷம் என்று தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒரு ரூபாய் நாணயம் போதும்

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாயை ரெசின் ஊற்றி அடுக்கடுக்காக ஒட்டியது. வெளியே வழவழப்பாகத் தெரிகிற ஜெல்கோட்தான் அதன் தோல். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அந்தத் தோல் சுண்ணாம்பு மாதிரி பொடியும். விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம், மேல்பூச்சு போட்டுச் சமாளிக்கலாம். உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தால்தான் பிரச்னை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நாணயம் போதும். படகின் அடிப்பாகம், பக்கவாட்டு எல்லாவற்றையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் தேங்காய் மூடியைத் தட்டினதுபோல மந்தமாக ஒலிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் படகைத் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு, மூன்று சின்ன வட்டம் என்றால் ஒட்டுப்போடலாம். உடம்பெல்லாம் வட்டம் என்றால் வேண்டவே வேண்டாம்.

அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவைத் தவறாமல் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்து, கண்ணாடி இழை நூல் நூலாக வெளியே தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும். சரியான தாங்கல் இல்லாமல் இரண்டு கட்டை மேல் மட்டும் வருஷக்கணக்கில் கிடந்திருந்தால் படகே வளைந்திருக்கலாம். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும்.

இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வெளியே ஃபைபர், ஆனால் பெரும்பாலும் உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. போல்ட்டைச் சுற்றித் துரு வழிந்த கறை இருக்கிறதா? இன்ஜினைப் பிடித்து ஆட்டினால் பலகையும் சேர்ந்து அசைகிறதா? ஒரு போல்ட்டைக் கழற்றி ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள். ஈரத்தூளாக வந்தால் மொத்தப் பலகையையும் மாற்ற வேண்டும்.

படகு மூழ்காமல் இருக்க உள்ளே ஃபோம் அடைத்த அறைகள் இருக்கும். அந்த ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டால் படகு கனத்துவிடும். அதே நீளமுள்ள வேறு படகை நகர்த்த எத்தனை பேர் வேண்டும், இதற்கு எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். விற்பதற்கு முந்தின வாரம் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனமாகத் தட்டிப் பாருங்கள்!

இன்ஜின் சூடாக இருக்கா?

நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், கிளப்பப் படாதபாடு பட்டு முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறவிட்டு மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். நிஜமாகவே ரொம்ப நாள் கிடந்த இன்ஜின் என்றால் எடுத்தவுடன் கிளப்பக் கூடாது. முதலில் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய எரிபொருளை மொத்தமாக வடித்துவிட வேண்டும். டீசல் டேங்க்கின் அடியில் தண்ணீரும் கசடும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் என்றால் கார்புரேட்டருக்குள் பிசினாக உறைந்திருக்கும்.

அவுட்போர்டு மோட்டாரை டிரம் தண்ணீரில் இறக்கி ஓட விடுங்கள். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். வரவில்லை என்றால் குளிர்விக்கும் பம்ப்பின் ரப்பர் விசிறி காய்ந்து இறுகியிருக்கலாம், இல்லை, உப்பு அடைத்திருக்கலாம். முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது பெரிய வேலை. கீழே கியர் ஆயில் திருகைக் கழற்றினால் வருகிற ஆயில் பாலில் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு முக்கியக் காரணம் வலைநூல். புரொப்பெல்லர் தண்டில் சுற்றிய நைலான் நூல் கத்தி மாதிரி ஆயில் சீலை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் நூல் மிச்சம் இருக்கும்.

நம்பரைப் பாருங்க, பேப்பரைப் பாருங்க

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ல் வந்தது. பதிவான மோட்டார் படகில் IND-TN என்று தொடங்கி, நடுவில் MO என்ற எழுத்துகளோடு நம்பர் இருக்கும். அந்த நம்பர், பதிவுச் சான்றில் உள்ள நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். மீன்வளத் துறை வருஷாவருஷம் படகுகளை நேரடியாக ஆய்வு செய்கிறது. ஆய்வில் காட்டாத படகுக்கு மானிய டீசல் நிறுத்தப்படலாம், பதிவுக்கே சிக்கல் வரலாம். வருஷக்கணக்கில் கரையில் கிடந்த படகுக்கு இந்தப் பிரச்னை இருக்க வாய்ப்பு அதிகம். மானியத்தில் வாங்கிய இன்ஜினா, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி இருக்கிறதா, பெயர் மாற்றம் செய்ய முடியுமா என்பதையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். பெயர் மாறும் வரை பணத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். படகு வாங்கினால் மட்டும் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை வந்துவிடாது. பழவேற்காட்டில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர்களே முறைவைத்துத் தீர்மானிக்கும் 'பாடு' முறை பல தலைமுறையாக இருக்கிறது. முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள்.

"டூரிஸ்ட்டை ஏற்றிச் சம்பாதிக்கலாம்" என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் இங்கே படகு சவாரிக்குத் தடை வந்தது. மீன்பிடிப் படகு பயணிகளுக்கானது இல்லை, அந்த எண்ணத்தோடு வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு ராத்திரி தண்ணீரில் கிடக்கட்டும்

எல்லாம் ஓகே என்றால் ஏரியில் இறக்கிப் பாருங்கள். முகத்துவாரம் பக்கம் முதல் நாளே போக வேண்டாம். பழவேற்காடு ஏரி பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவானது, அதனால் படகு எவ்வளவு தண்ணீரில் தரை தட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வலையும் மீனும் ஏற்றினால் வரும் கனத்துக்கு மணல் மூட்டைகளைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். வளைத்துத் திருப்பும்போது பின்பலகையைக் கவனியுங்கள்.

திரும்பி வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்து, துணியால் துடைத்துவிட்டு, படகைக் கரையோரம் கட்டி வையுங்கள். மேலே தார்ப்பாய் மூட மறக்காதீர்கள். இல்லையென்றால் காலையில் உள்ளே தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அது ராத்திரி பெஞ்ச மழைங்க" என்று விற்பவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.