பெயிண்டைச் சுரண்டினால் கார் வேகமாகுமா?

2022-இல் ஃபார்முலா 1 பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்கும். பல கார்களின் உடலில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. புது டிசைன் போலத் தெரிந்த அது, பெயிண்ட் அடிக்காமல் விட்ட இடம். தெரிந்த கறுப்பு அடியில் இருந்த கார்பன் ஃபைபர். அந்த ஆண்டு விதிகள் மாறியதில் பல அணிகளின் கார்கள் குறைந்தபட்ச எடையான 798 கிலோவைத் தாண்டிக் கனத்துவிட்டன. அதைக் குறைக்கப் பெயிண்டில் கை வைத்தார்கள். ஆஸ்டன் மார்ட்டின் அணி அப்படி மிச்சம் பிடித்தது 350 கிராம்.

முந்நூற்றைம்பது கிராமுக்கா இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்கத் தோன்றும். பத்து கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி போய்விடும் என்பது பந்தய வட்டாரத்தில் பழகிய கணக்கு. ஐம்பது, அறுபது சுற்று ஓடி முடிக்கும்போது அது பதினைந்து விநாடியைத் தாண்டிவிடும். வெற்றி தோல்வி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து கிலோவை ஒரே இடத்தில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. நூறு கிராம், இருநூறு கிராமாகத்தான் பொறுக்கிச் சேர்க்கிறார்கள்.

2023-இல் மெர்சிடிஸ் அணியும் தன் வெள்ளி நிறத்தை விட்டுக் கறுப்புக்கு வந்தது. காரணம் இதே எடைதான். அந்த வெள்ளி நிறத்துக்கே ஒரு எடைக் கதை உண்டு. 1934-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முந்தைய நாள், மெர்சிடிஸ் கார் 750 கிலோ வரம்புக்கு ஒரு கிலோ கூடுதலாக நின்றதாம். இரவோடு இரவாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுக்க, அலுமினியம் பளபளத்ததாம். அணி மேலாளர் ஆல்ஃபிரட் நாய்பாவர் சொல்லிப் பரவிய கதை இது. நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனாலும் இத்தனை காலம் அது நிலைத்ததற்குக் காரணம், எடையின் அருமை ஓட்டுபவர்களுக்குத் தெரியும் என்பதுதான்.

சைக்கிளில் டபுள்ஸ் அடித்தவர்களுக்கும் அது தெரியும். கிளம்பும்போது பெடலை எழுந்து நின்று மிதிக்க வேண்டும். திருப்பத்தில் வண்டி வெளியே தள்ளும். பிரேக் பிடித்தால் உடனே நிற்காது. காரிலும் இந்த மூன்றும்தான் நடக்கிறது. குதிரைத்திறனைக் கூட்டினால் முதல் பிரச்சினை மட்டும் தீரும். எடையைக் குறைத்தால் மூன்றும் சேர்ந்து தீரும்.

திருப்பத்தில் இதன் சூட்சுமம் டயரில் இருக்கிறது. டயரின் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிமானமும் இரட்டிப்பாகும் என்று நினைப்போம். ஆகாது, அதைவிடக் குறைவாகவே கூடும். அதனால் கனமான கார் தன் டயரிடம் கேட்பது அதிகம், பெறுவது குறைவு. பிரேக்கிலோ கணக்கு நேரடியானது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,500 கிலோ காரை நிறுத்த, 1,000 கிலோ காரைவிட ஒன்றரை மடங்கு ஆற்றலைச் சூடாக்கி வெளியேற்ற வேண்டும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை அடிப்பது அதனால்தான்.

இந்த உண்மையையே தன் தொழிலாக்கியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு பாகம் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1962-இல் வந்த லோட்டஸ் 25 காரில் குழாய்ச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியத் தகட்டால் ஆன தொட்டி போன்ற உடலையே சட்டமாக்கினார். எடை குறைந்தது; அதே நேரம் உடல் முன்பைவிட விறைப்பாகவும் ஆனது. அடுத்த ஆண்டு அதை ஓட்டிய ஜிம் கிளார்க் பத்துப் பந்தயங்களில் ஏழில் வென்று உலகச் சாம்பியனானார்.

சாப்மன் காலத்துக்குப் பின் 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ், இந்தக் கலையின் அழகான பாடம். அதன் அலுமினியச் சட்டம் வெறும் 68 கிலோ. ஒரு ஆள் எடை. அதை வெல்டிங் செய்யவில்லை, பசை போட்டு ஒட்டினார்கள்! வெல்டிங் சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும், வளையும். அதை ஈடுகட்டத் தடிமனான உலோகம் வேண்டும். எபாக்சிப் பசையில் அந்தத் தொல்லை இல்லை. மெல்லிய சுவருள்ள அலுமினியத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, சூளையில் பசையை இறுகவைத்தார்கள். மோதலின்போது பசை பிரிந்து உரியாமலிருக்க அங்கங்கே திருகாணிகள். மொத்தக் காரும் 725 கிலோ அளவில் அடங்கியதால், 118 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 1.8 லிட்டர் எஞ்சினே ஆறு விநாடி அளவில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வைத்தது. பவர் ஸ்டியரிங்கே தேவைப்படவில்லை.

எடை குறைப்பில் வட்டிக்கு வட்டி போல ஒரு லாபம் உண்டு. சட்டம் இலேசானால் சிறிய எஞ்சின் போதும். எஞ்சின் சிறிதானால் பிரேக், டயர், ஸ்பிரிங் எல்லாமே சிறிதாகலாம். மஸ்தா நிறுவனம் இதை ‘கிராம் உத்தி’ என்றே அழைத்தது. 2015-இல் வந்த அதன் எம்.எக்ஸ்-5 காரில் சக்கரத்துக்கு ஐந்து நட்டுக்குப் பதில் நான்குதான். சக்கரம் சுழல்கிறது, குண்டும் குழியுமான சாலையில் மேலும் கீழும் குதிக்கிறது; ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் அந்த எடையில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் கூடுதல் பலன் தரும். உச்சியில் குறைப்பதும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ 2003-இல் தன் எம்3 சி.எஸ்.எல் காரின் கூரையைக் கார்பன் ஃபைபரில் செய்தது, மேல்பாரம் குறைந்தால் திருப்பத்தில் கார் சாய்வது குறையும் என்பதற்காக.

நம் ஊரிலும் இந்தப் பாடம் பலித்தது. கோவையின் எஸ். கரிவரதன் 1988-இல் மாருதி 800 எஞ்சினை இலேசான ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பூட்டி ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். மலிவான சின்ன எஞ்சின்தான். இலேசான உடலால் அது பந்தய வண்டியானது. பின்னாளில் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அந்த வண்டியில்தான்.

ஆனால் இலேசும் மெலிவும் ஒன்றல்ல. லோட்டஸ் கார்கள் உடைகின்றன என்ற பேச்சு அன்றே இருந்தது. ஓட்டுநர் யோகன் ரிண்ட் அந்தக் கவலையைச் சாப்மனுக்குக் கடிதமாகவே எழுதினார். 1970-இல் இத்தாலியின் மோன்ஸாவில் அவருடைய லோட்டஸ் 72-இன் முன்பிரேக் தண்டு முறிந்தது. கார் சரியாகப் பொருத்தப்படாத தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார், அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் இறந்தபின் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதை சொந்தக் காரில் கை வைக்க ஆசைப்படுபவர்களுக்காகத்தான். கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம், ஏர்பேக், பம்பருக்குப் பின்னுள்ள உத்தரம் ஆகியவற்றைக் கழற்றி வேகம் தேடுவது உயிரோடு விளையாடுவது. தயாரிப்பாளரின் வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது. பாதுகாப்பைத் தொடாமல் குறைக்கவும் வழி உண்டு. எடையை 10 சதவீதம் குறைத்தால் மைலேஜ் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அதனால் முதலில் டிக்கியைத் திறக்க வேண்டும். போன மாதம் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை, பிள்ளையின் பழைய கிரிக்கெட் கிட், தண்ணீர்க் கேன் எல்லாம் இறங்கட்டும். பயன்படாத கேரியர் கூரையிலிருந்து இறங்கட்டும். அது காற்றையும் தடுக்கிறது. அழகுக்காகப் பெரிய அலாய் வீல் வாங்குமுன் அதன் எடையைக் கடையில் கேட்டு, பழைய சக்கரத்தின் எடையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.