பனியின்கீழ் உள்ள நிலம்: துருவப் பிரதேசங்களின் வான்காந்த அளவையும் அதன் சமூக அடிப்படையும்

விஞ்ஞானக் கருவிகள் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் எமது கற்றோரிடையேயும் ஆழ வேரூன்றியுள்ளது. கருவி அளக்கிறது, அளவீடு உண்மை, உண்மை எல்லார்க்கும் பொது என்பது அவர்தம் தருக்கம். விமானத்திற் காந்தமானியை ஏற்றிச்சென்று புவியின் காந்தப்புலத்தை அளக்கும் வான்காந்த அளவையின் வரலாறு இத்தருக்கத்தைச் சோதிக்க ஏற்றதாகும். ஒரே வகைக் கருவி இரு துருவங்களிலும் ஒரே முறையில் அளந்தது. எனினும் ஒரு துருவத்தில் அளவீடுகள் பெருமளவு பொதுவுடைமையாயின. மறுதுருவத்தில் நெடுங்காலம் அரச இரகசியங்களாகவே இருந்தன.

முதலில் அளவையின் செயற்பாட்டை நோக்குவோம். அந்தாட்டிக்காக் கண்டத்தின் ஏறத்தாழ 98 சதவீதம் பனிக்கட்டியால் மூடப்பட்டது. அதன் சராசரித் தடிப்பு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். புவிச்சரிதவியலாளரின் சுத்தியலுக்கு அங்கு அதிக வேலையில்லை. ஆயின் பனிக்கட்டி காந்தத்தை மறைப்பதில்லை. கீழுள்ள பாறைகளில், சிறப்பாக மக்னடைற்றுக் கனியம் செறிந்த எரிமலைப் பாறைகளில், தோன்றும் காந்த வேறுபாடு மேலே பறக்கும் விமானத்திற்கும் புலப்படும். துருவங்களை அண்டிய காந்தப்புலத்தின் வலிமை ஏறத்தாழ 60,000 நானோதெசுலா; பாறைகளால் விளையும் வேறுபாடோ பெரும்பாலும் சில பத்துக்கள் அல்லது சில நூறுகளே. விமானத்தின் இரும்பும் மின்சுற்றுக்களும் இதனை விழுங்கிவிடக்கூடுமாதலால், காந்தமானியை வாலின் பின்னே நீட்டிய கோலில் வைத்தோ கம்பியிற் கட்டித் தொங்கவிட்டோ கொண்டு செல்வர். துருவங்களுக்கே சிறப்பாக உரிய இடரொன்றும் உண்டு. துருவ ஒளி தோன்றும் வானில் ஓடும் மின்னோட்டங்கள் குறுகிய நேரத்திற் பல நூறு நானோதெசுலா அளவுக்குப் புலத்தைக் குலைத்துவிடும். தரையில் நிலையான காந்தமானியை நிறுவி அக்குழப்பத்தைக் கழித்தல் வேண்டும். விமானம் அந்நிலையத்தைவிட்டு நெடுந்தூரம் விலகியதும் அக்கழித்தலும் ஐயத்துக்குரியதாகின்றது.

கிடைத்த படத்தை வாசிப்பதிலுஞ் சிக்கலுண்டு. ஒரே காந்த வேறுபாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட பாறையமைப்புகளைக் கொண்டு விளக்கலாம். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத ஏட்டுச்சுவடியிற் பாடந்தேடிப் பழகியோருக்கு இது புதிதன்று.

இனி, கருவியின் பிறப்பு. 1936 இல் சோவியத் யூனியனில் லொகச்சேவ் என்பார் விமானத்திலிருந்து காந்தப்புலத்தை அளந்து காட்டினார். ஆயின் நுண்ணிய வேறுபாடுகளை உணரும் ஆற்றல் அவரது கருவிக்கு இருக்கவில்லை. அவ்வாற்றலைப் பெற்ற காந்தமானியை 1940 ஆம் ஆண்டையொட்டி ஆக்கியவர் விக்டர் வக்கியே. அவர் பணியாற்றியது அமெரிக்காவின் கல்ஃப் எண்ணெய்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில். எண்ணெய் தேடுவோரின் கூடத்திற் பிறந்த கருவி, கடலினுள் மறைந்த நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் போர்க்கருவியாக வளர்ந்தது. யுத்தம் முடிந்த 1945 ஆம் ஆண்டிலேயே அது எண்ணெய்க்கு மீண்டு, வட அலாஸ்காவில் அமெரிக்கக் கடற்படைக்குரிய எண்ணெய் ஒதுக்குநிலத்தின் மேற் பறந்தது. 1946-47 இல் அதே கடற்படை 'ஹைஜம்ப்' என்னும் பெயரில் 13 கப்பல்களுடன் அந்தாட்டிக்கா சென்றபோதும் காந்தமானி உடன்சென்றது. மூலதனமும் இராணுவமும் இக்கருவியைக் கைமாற்றிக்கொண்ட வேகம் மனங்கொள்ளத்தக்கது.

ஆட்டிக் சமுத்திரத்தின் மேல் 1960களிற் சோவியத் விமானங்களும், 1970களில் அமெரிக்கக் கடற்படை விமானங்களும் அளந்தன. கக்கெல் என்னும் கடலடித் தொடரின் இருமருங்கும் சமாந்தரமான காந்தப் பட்டைகள் காணப்பட்டன. கடற்றளம் அங்கு பிளந்து விரிகின்றது என்பதற்கும், அப்பாலுள்ள லொமொனொசொவ் தொடர் முன்னொருகால் யூரேசியக் கண்டவோரத்திலிருந்து பிரிந்த துண்டு என்பதற்கும் அவை சான்றாயின. முடிபுகளிற் சில வெளிவந்தன. சோவியத் அளவீடுகளிற் பெரும்பகுதி வெளிவரவில்லை. அவ்வரசு சோசலிசத்தின் பெயரால் ஆண்டது என்பதற்காக இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. நீர்மூழ்கிகள் உலாவும் கடலின் காந்தப்படம் இரு வல்லரசுகளுக்கும் போர்ப்படமே. பனிப்போர் முடிந்தபின், 1996 இலேயே, ருஷ்யத் தரவுகளையும் சேர்த்த ஆட்டிக் காந்தப்படத்தைக் கனடாவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் வெளியிட்டது. அதன்பின் அப்படத்திற்கு வேறொரு பயன் வந்தது. 1982 ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயத்தின்படி, கடலடி நிலம் தன் கண்டத்தின் தொடர்ச்சி எனக் காட்டும் நாடு 200 கடல் மைலுக்கு அப்பாலும் அதன் வளங்களுக்கு உரிமை கோரலாம். 2009 இல் டென்மார்க்கும் கனடாவும் லொமொனொசொவ் தொடரின்மேல் ஈர்ப்பையும் காந்தத்தையும் விமானத்திலிருந்து அளந்தன. ருஷ்யா 2001 இலும் டென்மார்க் 2014 இலும் கனடா 2019 இலும் ஆட்டிக் கடலடிக்கான கோரிக்கைகளை ஐ.நா. ஆணைக்குழுவிடஞ் சமர்ப்பித்தன. காந்தப் பட்டை காணி உறுதியாயிற்று.

அந்தாட்டிக்காவிலோ, 1959 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஏழு நாடுகளின் நிலவுரிமைக் கோரிக்கைகளை உறைநிலையில் வைத்தது. ஆய்வுப் பெறுபேறுகளைத் தடையின்றிப் பரிமாறவும் விதித்தது. உடைமை உறுதிப்படாத நிலத்தில் இரகசியத்துக்குத் தேவை குறைகின்றது. 1995 இல் தொடங்கிய கூட்டுத்திட்டமொன்று பல நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்தது. 2018 இல் வெளிவந்த அதன் இரண்டாந் தொகுப்பு 35 இலட்சம் கிலோமீற்றர் நீளமான கோடுகளைக் கொண்டது. 1958 இற் சோவியத் குழுவினர் பனிக்கடியிற் கண்டுபிடித்த கம்பூர்ற்சேவ் மலைத்தொடரை 2008-09 இல் ஏழு நாடுகள் கூடி, ஐந்து கிலோமீற்றர் இடைவெளிக் கோடுகளில், ஏறத்தாழ 1,20,000 கிலோமீற்றர் பறந்து அளந்தன.

இதனை விஞ்ஞான சகோதரத்துவம் என்று மட்டும் போற்றுவது பொருந்தாது. ஒப்பந்தத்திற் பின்னர் சேரும் நாடு தீர்மானம் எடுக்கும் உரிமை பெறக் கணிசமான ஆய்வு நடத்திக் காட்டல் வேண்டும். விமானமும் எரிபொருளும் நிலையமும் அங்கு நுழைவுக் கட்டணங்கள். கனிய அகழ்வை ஒழுங்குபடுத்தவென 1988 இல் ஆக்கப்பட்ட சமவாயம் அவுஸ்திரேலியாவும் பிரான்சும் மறுத்ததாற் செயலிழந்தது. 1991 ஆம் ஆண்டின் மாட்றிட் உடன்படிக்கை அகழ்வைத் தடைசெய்து, அறிவியல் ஆய்வுக்கு விலக்களித்தது. அத்தடையை மீளாய்வு செய்யும் மாநாட்டை 2048 இன் பின் தீர்மான உரிமையுள்ள எந்நாடும் கோரலாம்.

இவ்வுரிமைப் பிரச்சினையை முற்கூட்டி எழுப்பியோருள் இலங்கையர் ஒருவரும் உளர். கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமைதாங்கிய ஷேர்லி அமரசிங்க, 1975 இல் ஐ.நா. பொதுச்சபையில் அந்தாட்டிக்காவை உலக மக்கள் அனைவரின் பொதுநன்மை நோக்கிக் கவனிக்குமாறு வேண்டினார். எமது மத்திய மலைநாட்டின் பாறைத்தொகுதியும் கிழக்கு அந்தாட்டிக்காவின் லுட்சோ-ஹோம் விரிகுடாப் பாறைகளும் கொண்டுவானாப் பெருங்கண்டத்தில் அயலவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மலையாக்கத்தில் உருமாறியவை. அப்பாறைகள் பனிக்கடியில் எவ்வளவு தூரம் தொடர்கின்றன என்பதை ஆராய்வோருக்கு மேற்கூறிய காந்தத் தொகுப்பு பேராதனையிலிருந்தும் கிட்டும். ஒப்பந்தத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை.