ஹெர்பாத்தா: மருந்துக் கடையில் பிறந்த சொல்

போலிஷ் மொழியில் தேநீருக்கு ‘ஹெர்பாத்தா’ என்று பெயர். உலக மொழிகளில் பெரும்பாலானவை தேநீரை ‘சா’ என்றோ ‘தே’ என்றோ, அவற்றின் திரிபாகவோதான் அழைக்கின்றன. ஹெர்பாத்தா அந்த வரிசையில் சேராதது போலத் தோன்றும். உண்மையில் அதன் கடைசி அசைக்குள் ‘தே’ ஒளிந்திருக்கிறது.

சொல்லின் மூலம் ‘ஹெர்பா தேயா’ என்ற லத்தீன் தொடர். ஹெர்பா என்றால் மூலிகை. தேயா என்பது தேயிலையின் லத்தீன் பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த தேயிலை முதலில் மருந்துச் சரக்காகவே விற்றது. மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் லத்தீனில் எழுதிய காலம் அது. அவர்கள் எழுதிய இரு சொற்களும் மக்கள் வாயில் ஒட்டி ஒன்றாகிவிட்டன. மருந்து என்ற பெயர் இருந்தும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாதிரியாரும் தாவரவியலாளருமான க்ஷிஷ்டோஃப் க்ளுக், தேநீர் உடலைக் கெடுக்கும் என்று கடுமையாக எழுதினார்.

லத்தீன் ‘தேயா’வுக்கும் மூலம் சீனம்தான். ஒரே சீன எழுத்தைப் பெரும்பாலான வட்டாரங்கள் ‘சா’ என்றும், ஃபூஜியன் கடற்கரையின் மின்னான் மொழி ‘தே’ என்றும் படிக்கின்றன. டச்சு வணிகர்கள் கப்பல் வழியே ‘தே’யை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். தரைவழி வணிகத்தில் ‘சாய்’ ரஷ்யாவை அடைந்தது.

போலந்தைச் சுற்றிச் செக், ஸ்லோவாக், ரஷ்ய மொழிகளில் ‘சாய்’தான் வழங்குகிறது. ஆனால் லித்துவேனிய மொழியில் ‘அர்பதா’, பெலாரசிய மொழியில் ‘ஹர்பாத்தா’. இந்த ஒற்றுமை தற்செயலன்று. 1569 முதல் 1795 வரை இந்த நிலங்கள் போலந்து–லித்துவேனியக் கூட்டரசின் கீழ் இருந்தன. எல்லைகள் மாறிய பிறகும் சொல் தங்கிவிட்டது. பின்னர் போலந்தின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. தேநீர்க் கெண்டிக்குப் போலிஷில் வழங்கும் ‘சாய்னிக்’ ரஷ்ய மொழிச் சொல். ஆகவே போலந்தின் சமையலறையில் சாய்னிக்கில் நீர் கொதிக்கும், கோப்பையில் ஹெர்பாத்தா இருக்கும். இரண்டு வணிக வழிகளின் சொற்களும் அங்கே ஒரே மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஹெர்பாத்தாவிலிருந்து பிறந்த சொற்களும் உண்டு. தேநீரோடு கடிக்கும் பிஸ்கட் ‘ஹெர்பாத்னிக்’. மூலிகைகளைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிப்பதையும் போலந்து மக்கள் ஹெர்பாத்தா என்றே சொல்கிறார்கள். அதில் தேயிலை ஒரு துளியும் இருக்க வேண்டியதில்லை.

தமிழின் ‘தேயிலை’யும் இதே அமைப்பில் உருவானதே. அந்த ‘தே’யோடு போலிஷ் மூலிகையைச் சேர்த்தது, தமிழ் இலையைச் சேர்த்தது.