கையெழுத்துக்கு முன் கால் மணி நேரம்

இருபத்தெட்டாவது வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. கறம்பக்குடிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், நள்ளிரவில் 108 வண்டியில் மனைவியோடு புதுக்கோட்டைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. "குழந்தை கஷ்டம்தான், கையெழுத்துப் போடுங்க!" அவ்வளவே பேச்சு. எதற்குக் கையெழுத்து? குழந்தை பிழைக்குமா? கேட்க அவருக்கு நா எழவில்லை, சொல்லவும் ஆளில்லை.

32 வாரத்துக்குள் பிறக்கும் சிசுக்களில், ஏழை நாடுகளில் பாதி மடிகின்றன. பணக்கார நாடுகளில் ஏறத்தாழ எல்லாமே பிழைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. விதியா இது? பணக்கார நாட்டுச் சிசுவின் தலையெழுத்து வேறு மையிலா எழுதப்பட்டது?

கருவியும் மருந்தும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பேச்சும் மருந்துதான். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்துவது என்று விளக்கினால் யார் அஞ்சுவார்? பிறந்தவுடனே தாயின் மார்போடு தோல்பட அணைத்து வைத்தால், எடை குறைந்த சிசுக்களின் சாவு கால்பங்கு குறைகிறதென்று, இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆராய்ச்சி 2021இல் காட்டியது. தகப்பனும் அணைக்கலாம். இதைச் சொல்லாவிட்டால், "பச்சைப் பிள்ளையைத் தொடாதே" என்று பாட்டி தடுக்கத்தான் செய்வார். ஒரு மாதத்துக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அது தெரியாமல் அறந்தாங்கிக்குத் திரும்பிய குடும்பம், பிள்ளை தேறியதென்று மகிழ்ந்திருக்கையில் பார்வை பறிபோகலாம்!

இன்னொன்று. செய்தியெல்லாம் ஆண்களிடம்தான், பெற்றவளிடம் "ஒன்றுமில்லையம்மா" என்ற மழுப்பல். 1886இல் இம்மண்ணில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையாரின் ஊரிலா இந்த வழக்கம்?

மருத்துவர்களைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. ஒரு நர்ஸ் எத்தனை சிசுக்களைப் பார்ப்பார்? ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்: ஆளைக் கூட்டச் சொல்லிப் போராடுங்கள், கண்ணாடி என்ன செய்தது?

2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்பிப்பதுபோல், உட்கார்ந்து பேசவும் கற்பிக்கட்டும். எத்தனை வாரம், என்ன எடை, எது கைகூடும், எது கூடாது, பிழைத்தபின் என்ன குறை வரலாம் என்று நல்ல தமிழில், தாயும் தகப்பனும் கேட்க, மறைக்காமல் சொல்லட்டும். மறுநாள் வந்து மறுபடி சொல்லட்டும். முதல்நாள் அதிர்ச்சியில் காதில் ஏறாது. தாளும் தமிழில் இருக்கட்டும்.

கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் இப்படியொரு வண்டி புறப்பட்டால் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன், "ஐயா, கொஞ்சம் விளக்குங்கள்" என்று அவர் சார்பில் பணிவாகக் கேளுங்கள்.