பிள்ளை கேட்டால் மறைக்க வேண்டா

கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர், சிறு சிறு லைன் வீடுகளிலே குடும்பம் நடத்தினர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் நம்மவர் பலர் அவ்வீடுகளிலேயே வாழ்கின்றனர். அத்தகைய வீட்டில், தாய் பாலூட்டுவது மூத்த பிள்ளையின் கண்ணில் படாமல் இராது.

“அம்மா, பாப்பா என்ன செய்கிறது?” என்று மூன்று வயதுப் பிள்ளை கேட்கும். “சீ! வெளியே போய் விளையாடு” என்று அதட்டுவோர் நம்மில் உண்டு. தாய்ப்பால் வெட்கத்துக்குரியது என்றும், பாப்பா வந்ததால் தனக்கு இடமில்லை என்றும் பிள்ளை அதனால் எண்ணிக்கொள்ளும்.

உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். “பாப்பாவுக்குப் பல் இல்லை, சோறு தின்ன முடியாது. அதனால் அம்மாவின் மார்பில் பால் சுரக்கிறது. பாப்பா குடிக்கக் குடிக்க மேலும் சுரக்கும். நீயும் இப்படித்தான் குடித்து வளர்ந்தாய்.” இதற்கு மேல் கேட்டால், கேட்டதற்கு மட்டும் விடை கூறுவோம்.

பால் மறந்த பிள்ளை, தம்பியோ தங்கையோ பிறந்ததும் மீண்டும் பால் கேட்பதுண்டு. அது குறும்பன்று, அன்பை நாடும் ஏக்கம். ஏளனம் செய்யாமல் அருகில் அமர்த்திக் கதை சொல்லலாம். துணி எடுத்துத் தரச் சொல்லலாம். பிள்ளை பொம்மையை மார்பில் அணைத்துப் பாலூட்டி விளையாடினால், ஆணாயினும் பெண்ணாயினும் தடுக்க வேண்டா.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். பின்னர் மற்ற உணவுடன் 2 ஆண்டும் அதற்கு மேலும் ஊட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இன்று சிறுமியாயிருப்பவள் நாளை தாயாகிப் பெங்களூர் இரயிலில் செல்லும்போது, பசித்தழும் குழந்தைக்குக் கூசாமல் பாலூட்ட வேண்டாமா? இன்றைய சிறுவன், நாளை தன் மனைவிக்குத் துணையாக நிற்க வேண்டாமா?

பால்மாவு விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் விதைக்கப்படும் கூச்சத்தை நாமன்றோ தடுத்தல் வேண்டும்? தாய்மார் மட்டுமன்றித் தந்தையரும் பாட்டிமாரும் ஒரே விடையைக் கூறுவார்களாக.